செலவு அதிகமாம்!

சென்னையில் பல பகுதிகளின் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்தால் கசடாகும். அந்தக் கசடு கழிவுக்குழாயின் உட்சுவரில் படிந்து, முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துவைத்து, ஒருநாள் அடைத்துக்கொள்ளும். இது வேதியியல். இதில் சாதி இல்லை.

அடைத்ததும் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் சாதி இருக்கிறது. முடி கொட்டக்கூடாதென்று வாட்டர் சாஃப்ட்னர் வாங்கும் அடுக்ககம், சாக்கடைக்கு மட்டும் "ஒரு ஆளை அனுப்புங்க" என்கிறது. குழாய் அடைத்தால் குழிக்குள் வெறுங்கை. தொட்டி நிறைந்தால் தொட்டிக்குள் ஆள். அந்த 'ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கூப்பிடுபவருக்கும் தெரியும், அனுப்புபவருக்கும் தெரியும்.

மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு மட்டுமானதல்ல. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கினால், இறக்கியவர் யாராயினும் குற்றவாளி. முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பாதாளச் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

தோழர்களே, உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஜெட்டிங் இயந்திரம் கேளுங்கள். "செலவு அதிகம்" என்பார்கள். மனிதர் மட்டும் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.