நாசில் மேல் பழி

சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்த லாரிப் பட்டறைக்கு வேண்டுமானாலும் பழைய டாட்டாவையோ லேலண்டையோ கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்ததும் சைலென்சரில் கறுப்பாகக் குபுக்கென்று கிளம்பும். டிரைவர் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் பதில் வந்துவிடும்: "நாசில் போயிருச்சுங்ணா. ஆறையும் மாத்தீருங்க."

இருபது வருடமாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் சொல்கிறார், டிரைவர் சொல்கிறார், டீக்கடையில் பக்கத்து வண்டி கிளீனர் சொல்கிறார். புகை வந்தால் நாசில், இழுவை குறைந்தால் நாசில், மைலேஜ் போனாலும் நாசில். ஸ்பானரை எடுக்கும் முன்பே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் குற்றவாளியாக்கும் இந்த நம்பிக்கை தவறு. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கிறவர்களைக் கடனில் தள்ளுகிற தவறு. இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் அப்பாவிடம் இருந்தது ஒரே லாரி. 697 இன்ஜின் போட்ட டாட்டா. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சுத்தமாக ஓடும். லோடோடு ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டார். ஆறு நாசிலையும் மாற்றச் சொன்னார்கள். வட்டிக்கு வாங்கி மாற்றினார். புகை அப்படியே இருந்தது. அடுத்து டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷன். அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவதாக ரிங், பிஸ்டன் என்று பேச்சு எழுந்தபோதுதான் வேறொரு பட்டறையில் வயதான பிட்டர் ஒருவர், ஏர் கிளீனரிலிருந்து மேனிபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். வெளியே புதுசு போல இருந்த ஹோஸுக்குள் உள்தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐடிலில் அது சும்மா கிடக்கும். லோடில் இன்ஜின் காற்றை இழுக்கும்போது அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். ஹோஸை மாற்றினோம், புகை நின்றது. நாசிலுக்கு வாங்கிய கடனை அப்பா எட்டு மாதம் கட்டினார்.

கரும்புகை என்பது முழுமையாக எரியாத டீசலின் கரி. டீசல் அதிகமாகப் போனாலும் வரும், காற்று குறைவாகப் போனாலும் வரும், இரண்டும் சரியாக இருந்து கலக்கும் நேரம் தவறினாலும் வரும். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம். டர்போ உள்ள வண்டியென்றால் ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று வெளியேறலாம். பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கலாம். டாப்பெட் இடைவெளி மாறியிருக்கலாம். இழுவை வேண்டும் என்று, டீசல் அதிகமாகப் போக யாரோ பம்ப் ஸ்குரூவை ஏற்றி வைத்திருக்கலாம். இது நம் ஊரில் சர்வசாதாரணம். பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரம்பு. சான்றிதழ் வாங்கும் நாளில் ஸ்குரூவை இறக்கி, மறுநாள் ஏற்றிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஏற்றிய பம்புக்கு எத்தனை புது நாசில் போட்டாலும் வண்டி கறுப்பாகத்தான் தள்ளும். வெள்ளைப் புகை, நீலப் புகை கதை வேறு. வெள்ளை என்றால் பற்றாமல் ஆவியாகிப் போகும் டீசலையோ கம்ப்ரஷன் குறைவையோ தண்ணீர்க் கசிவையோ பார்க்க வேண்டும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது; நாசிலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. மூன்று நிறத்துக்கும் ஒரே மருந்து எழுதுகிறவரை என்னவென்று சொல்வது?

நாசில் தேயாது என்று நான் சொல்லவரவில்லை. அது படும் பாடு கொஞ்சமல்ல. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாசிலும் அடிக்கிறது. 1500 சுற்றில் ஓடும் இன்ஜின் என்றால் நிமிடத்துக்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை. பத்து மணிநேர ஓட்டத்தில் நாலரை லட்சம் முறை அதனுள் இருக்கும் ஊசி எழுந்து தன் சீட்டில் வந்து மோதுகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார் அளவு. இந்தப் பழைய இன்ஜின்களின் நாசில் திறப்பதே 200 பாரை ஒட்டி. ஊசிக்கும் அதன் உடலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அந்த நுணுக்கம் எப்படிப்பட்டது என்று புரியும். டீசலில் வரும் தூசியும் தண்ணீரும் அங்கேதான் வேலையைக் காட்டுகின்றன. விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலந்த டீசலை அடித்து, 'நாசில் கிளீன் ஆகும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. ஊசிக்கு எண்ணெய்ப் பசை தருவதே டீசல்தான். மண்ணெண்ணெய் அந்தப் பசையைக் குறைத்து ஊசியை வறட்டுகிறது.

ஆகவே நாசில் கெடும். கெட்ட நாசிலை விட்டுவைத்தால் அதன் விளைவு புகையைவிட மோசம். சொட்டும் நாசில் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். டீசல் கீழே இறங்கி ஆயில் மட்டம் ஏறும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த வண்டிகளும் இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், கெட்டது எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஊகம் அதற்குப் போதாது. கெடாத ஐந்தைத் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டிய நிம்மதியில், புகைக்கு உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை.

கண்டுபிடிக்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். இன்லைன் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் பைப்பின் நட்டை ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுபோகும். இன்ஜின் சத்தம் இறங்கித் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது சும்மா இருக்கிறது. கொஞ்சம் வேகம் ஏற்றி வைத்து இதையே செய்யும்போது, ஒரு பைப்பைத் தளர்த்தியதும் கரும்புகை மறைந்தாலோ 'டக் டக்' சத்தம் அடங்கினாலோ சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், சூடான மேனிபோல்டில் டீசல் வழியவிடாதீர்கள். காமன் ரெயில் வண்டியில் மட்டும் இந்த வேலை கூடவே கூடாது. அங்கே பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும்; நட்டைத் தளர்த்துகிறவரின் தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும்.

பட்டறைகளில் பலபேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "மூணாவது வேலை செய்யல, நாசில்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது சிலிண்டரில் வால்வு எரிந்திருந்தாலும், ரிங் ஒடிந்திருந்தாலும், பம்பில் அந்த வரிசையின் டெலிவரி வால்வு கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அடுத்த படியைச் செய்தால் விஷயம் தெளிந்துவிடும். மூன்றில் இருக்கும் இன்ஜெக்டரை, அதாவது ஹோல்டரோடு சேர்ந்த நாசிலை, கழற்றி ஐந்தில் போடுங்கள், ஐந்தில் இருப்பதை மூன்றில். கோளாறு ஐந்துக்கு நகர்ந்தால் குற்றம் இன்ஜெக்டருடையது. மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டர் நிரபராதி. இரண்டு மணிநேர வேலை. இந்த இரண்டு மணிநேரத்தைச் செலவிடாமல் ஆறு நாசிலுக்குப் பணம் கட்டச் சொல்வது எந்த நியாயம்?

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பம்ப் ரூம் இருக்கிறது. மேசையில் பொருத்திய நாசில் டெஸ்டர், கையால் அழுத்தும் லீவர், ஒரு கேஜ். லீவரை அழுத்தினால் நல்ல நாசில் 'கிர்ர்' என்று கத்தி, எல்லாத் துளைகளிலும் ஒரே சீராகப் பனி போல அடிக்கும். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக வைத்துப் பத்து விநாடி பிடித்தால் நுனியில் சொட்டு நிற்கக்கூடாது. அடிக்கும் திசையில் கையை நீட்டக்கூடாது. கூரான ஊசியை விட வேகமாக டீசல் தோலுக்குள் இறங்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கேஜில் அழுத்தம் குறைவாகக் காட்டினால்கூட நாசிலைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமில்லை. திறக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங். ஓடி ஓடி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மெல்லிய ஷிம் ஒன்றை அதன் மேல் வைத்தால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். காசு பெறாத அந்தத் தகட்டுக்குப் பதிலாகப் புது நாசிலை விற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'ஆறையும் மாற்றினால்தான் ஒரே சீராக இருக்கும், மறுபடி வண்டியைப் போட்டுக் கழற்ற வேண்டாம்' என்கிறார்கள். இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். லோடு காத்திருக்கும்போது ஒருநாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்று லாரி வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியும். ஆறையும் கழற்றுங்கள், ஆறையும் டெஸ்டரில் ஏற்றுங்கள், ஆறுக்கும் அழுத்தத்தை ஒன்றாக வையுங்கள். சீர் வந்துவிடும். நாலு, ஐந்து தேறாமல் போனால் செட்டாகவே மாற்றுங்கள், நானும் அதையே செய்வேன். எல்லாவற்றையும் சோதிப்பது வேறு, எல்லாவற்றையும் மாற்றுவது வேறு. முன்னதைச் செய்யாமல் பின்னதுக்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானாலும் அரைகுறை வேலைதான் அதிகம் நடக்கிறது. 1951-ல் தொடங்கிய மைக்கோ, 2008-ல் போஷ் என்று பெயர் மாறியும், கடையில் இன்றைக்கும் 'மைக்கோ நாசில்' என்றுதான் கேட்கிறோம். பெயரைக் கேட்கிற நாம் எண்ணைக் கேட்பதில்லை. நாசிலின் உடம்பில் டி.எல்.எல்.ஏ. 150 என்று பொறித்திருந்தால் அந்த 150, டீசல் விரிந்து அடிக்கும் கோணம். பார்வைக்கு அச்சாக ஒன்றாயிருக்கும் வேறு கோணத்து நாசில், டீசலை பிஸ்டன் குழிக்குள் விடாமல் அதன் விளிம்பில் அடிக்கும். அடுத்தது காப்பர் வாஷர். பழைய வாஷர் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மேலே புதுசைப் போட்டு இறுக்குகிறார்கள். நாசில் நுனி மேலேறி நிற்கும், கம்ப்ரஷன் பக்கவாட்டில் கசியும். டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றின் உடலில் போடக்கூடாது, அவை ஜோடியாக இழைத்தவை. துளையைக் கம்பியால் குத்தக்கூடாது. டீசல் பில்டரை மாற்றாமல், டேங்க் அடியில் நிற்கும் தண்ணீரை வடிக்காமல் புது நாசில் போடுவது அழுக்குப் பாத்திரத்தில் பால் ஊற்றுவது. கடைசியில் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏர் லாக்கையும் நாசில் கோளாறு என்று சொன்னவர் உண்டு.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் அப்பாவிடம் ஆறையும் மாற்றச் சொன்னவர் அதை முழுமையாக நம்பித்தான் சொன்னார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார். நல்ல எண்ணத்தோடு சொல்வதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை, கேட்காததால் அது பட்டறைக்குப் பட்டறை பரவுகிறது. வண்டிக்காரர்களே கேட்க வேண்டும். எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள். மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழற்றிய நாசிலை உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பழையதைக் காயலான் கடைக்கு விடாமல் வாங்கி வாருங்கள்.

அப்பா வாங்கி வந்திருந்தார். அவர் காலமான பிறகு, ஸ்பானர் பெட்டியின் அடியில் கிரீஸ் தடவிய துணியில் சுற்றிய ஆறு நாசிலும் கிடைத்தன. சேலத்தில் ஒரு பம்ப் ரூமுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் டீசலில் அலசி, ஒவ்வொன்றாக ஹோல்டரில் மாட்டி லீவரை அழுத்தினார். ஒன்று சொட்டியது. இன்னொன்றில் ஒரு துளை அடைத்திருந்தது. மற்ற நாலும் கத்திக்கொண்டு பனியாக அடித்தன. நாலாவதைத் துடைத்து என் கையில் வைத்தவர் கேட்டார்: "இதை எதுக்குங்க கழட்டுனீங்க?"