குதிரைக்குக் கொள்ளு யார் வைக்கிறது?

பூனாவில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் நான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் இருக்கிற இன்னொரு பொட்டியில் படை நடத்துவேன். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தப் போர் விளையாட்டுகளைச் செய்கிற மகாராசாக்களில் ஒருத்தர்கூட வாழ்க்கையில் ஒரு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டிருக்க மாட்டார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் எல்லாரும் ஆடியிருப்பீர்கள். 60 உணவு, 75 தங்கம் கொடுத்தால் லாயத்திலிருந்து ஒரு குதிரை வீரன் வெளியே வருவான். அதற்கப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்தக் குதிரை ஒரு வாய் புல் தின்னாது. சரி, அது சின்னப் பசங்க சமாச்சாரம், விட்டுத்தள்ளுவோம். 'நாங்க சீரியஸ்' என்று மீசை முறுக்குகிறவர்கள் கதை என்ன? 2009-ல் வந்த எம்பயர் டோட்டல் வாரில் மராட்டியராகவே ஆடலாம். படைக்குத் தங்கத்தில் பராமரிப்புச் செலவு கட்டிவிட்டால் போச்சு, பொட்டல்காட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஐயாயிரம் குதிரையோடு நிற்கலாம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் நான்காம் பாகத்தில் 2021-ல் சப்ளை முறையையே மாற்றி எழுதினார்கள். ரயில் இஞ்சின் செய்ய வேண்டும், லாரி செய்ய வேண்டும், பலே. லாரி இல்லாவிட்டால்? குதிரை வண்டி. அது இலவசம்! 1941 ஜூனில் சோவியத் நாட்டுக்குள் நுழைந்த ஜெர்மன் படையோடு போனவை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். ஒரு காலாட்படை டிவிஷனுக்கே சுமார் ஐயாயிரம். டாங்கிக்கு போல்ட் நட்டு வரைக்கும் கணக்குப் பார்க்கிற ஆட்டத்தில், இத்தனை வாயும் கணக்கிலேயே வராது.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடிக்கும் என்று ஊரில் குதிரையைப் பற்றிச் சொல்வார்கள். இவர்கள் குதிரை அதற்கு நேர் எதிர். கடிவாளத்துக்குச் சமர்த்தாக வாயைக் காட்டும், கொள்ளு மட்டும் கேட்கவே கேட்காது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள், ஐந்தாம் கிளாஸ் கணக்குதான். ஒரு போர்க்குதிரைக்குத் தானியமும் புல்லுமாக ஒரு நாளைக்கு 10 கிலோ. பத்தாயிரம் குதிரை என்றால் தினம் 100 டன். ஒரு பொதிமாடு தாராளமாக 100 கிலோ தூக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு நாள் தீனிக்கு ஆயிரம் மாடு. களஞ்சியம் பத்து நாள் நடைதூரத்தில் இருந்தால், போகிறதும் வருகிறதுமாக எந்நேரமும் இருபதாயிரம் மாடு ரோட்டில் இருக்க வேண்டும். இதெல்லாம் வழியில் மாடு சும்மா மேயும் என்கிற நம்பிக்கையில். மேய்ச்சல் இல்லையா? மாடு தினம் 5 கிலோ தின்றால் பத்து நாளில் 50 கிலோ காலி, திரும்பி வர இன்னொரு 50. நூறு கிலோ மூட்டையை ஏற்றி அனுப்பினால் அந்தப் பக்கம் போய்ச் சேருவது பூஜ்யம். மாடு அது பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டது, யுத்தம் அங்கேயே நிற்கிறது.

வழியில் புல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் சண்டையே. நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிக் கிளம்பினார். திப்பு செய்த முதல் காரியம் நேரே போய் மோதுவது இல்லை. போகிற வழியில் தீவனத்தை அழித்தார், ஊர்களைக் காலி பண்ணினார். கம்பெனிப் படை கனகபுரா பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது, அங்கேயும் புல் இல்லை. மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கடைசியில் சிப்பாய்களே பீரங்கியை இழுக்க வேண்டியதாயிற்று. மே 15-ல் அரகெரெ பக்கத்தில் சண்டை நடந்து, ஜெயித்தது கார்ன்வாலிஸ்தான். ஜெயித்து என்ன? கோட்டை கண்ணுக்கு எதிரே. மழையும் பிடித்துக்கொண்டது. முற்றுகைக்கென்று அவ்வளவு தூரம் இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். சண்டையில் ஜெயித்தவர் மாட்டிடம் தோற்றார்.

திரும்பும் வழியில் எதிரே வந்தது ஹரிபந்த் படகேயும் பரசுராம் பாவுவும் நடத்தி வந்த மராட்டியப் படை. ஒரு முழு பஜாரையே கூடக் கொண்டுவந்திருந்தார்கள், அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம். விலை மட்டும் யானை விலை. பட்டினி கிடந்த வெள்ளைக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கினார்கள். (எங்க பூனா வியாபாரிகளுக்கு இது பரம்பரைக் குணம், நான் காய்கறி வாங்குகிற இடத்தில் தினமும் பார்க்கிறேன்.) அடுத்த தடவை கார்ன்வாலிஸ் லம்பாடிகளைப் பிடித்து, தானியமும் மாடும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நகர்ந்தார். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவைப் பணியவைத்தார். பாதி மைசூர் போச்சு. சேலம், கிருஷ்ணகிரி இருக்கும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான்.

இப்போது இதை இவர்களுடைய ஆட்டத்தில் ஆடிப் பாருங்கள். கார்ன்வாலிஸ் பெங்களூரிலிருந்து கிளம்புவார், இரண்டு டர்னில் கோட்டை வாசல், பீரங்கியால் நாலு இடி, ஆட்டம் ஓவர். திப்பு எரிப்பதற்குப் புல்லே கிடையாது. எரித்தால் தன் வருமானம் குறைவதுதான் மிச்சம். என் கடுப்புக்குக் காரணம் இதுதான். குதிரைக்கும் மாட்டுக்கும் பசியை எடுத்துவிட்டால் யதார்த்தம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதானே என்கிறீர்கள். அவ்வளவு மட்டும் இல்லை. பெரிய படை வைத்திருக்கிறவனை எதிர்த்துச் சின்னப் படைக்காரன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிடுகிறீர்கள். மராட்டியர்கள் மொகலாயரை அலைக்கழித்ததும் இதே வித்தையால்தான். லேசான குதிரை, லேசான மூட்டை, எதிரியின் தானிய மாடுகள் மேல் குறி. உங்கள் ஆட்டத்தில் அது 'லைட் கேவல்ரி, வேகம் கூட, தாக்குதல் கம்மி'. யார் அதை எடுப்பான்? ஆபீஸில் ஒரு தம்பி, நல்ல பையன், 'திப்பு மோதாமல் ஓடிக்கொண்டே இருந்தார் அண்ணா, அதான் தோற்றார்' என்று என்னிடம் பாடம் எடுக்கிறார். படித்த புத்தகம் ஒன்றும் இல்லை, ஆடிய ஆட்டம் சொல்லிக் கொடுத்தது.

'அதெல்லாம் சேர்த்தால் போரடிக்கும் சார்' என்பார்கள். உடனே உதாரணமும் எடுத்து வீசுவார்கள். 1979-ல் வந்த 'கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா' என்கிற அட்டை விளையாட்டு. ஆடி முடிக்க 1500 மணி நேரம் ஆகும் என்பார்கள். அதில் இத்தாலியப் படைக்கு மாக்கரோனி வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதி. ஐயா, நான் மாக்கரோனி கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பருவத்துக்குத் தகுந்த மாதிரி இவ்வளவு புல் என்று ஒரு எண். படை நின்றால் அது குறையும், எரித்தால் பூஜ்யமாகும், மழைக்கப்புறம் முளைக்கும். செத்த மாடு அடுத்த டர்னில் உயிரோடு வராது. மேப்புக்குப் பின்னால் ஓடுகிற இந்தக் கணக்கை மெஷின் பார்த்துக்கொள்ளும், ஆடுகிறவன் பச்சையா பழுப்பா என்று கலரைப் பார்த்தால் போதும். வெடித்துச் சிதறுகிற மண்ணுக்கு நிழல் விழ வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா?

இங்கே மகாராஷ்டிராவில் சிவாஜியின் கடிதம் ஒன்று ரொம்பப் பிரபலம். 1670-களில் சிப்ளூண் பக்கம் தங்கியிருந்த படை அதிகாரிகளுக்கு எழுதியது. வீரம், வாள், பவானி எதுவும் அதில் பெரிதாக இல்லை. வைக்கோலை இப்போதே தின்று தீர்த்தால் மழைக்காலத்தில் குதிரைகள் சாகும், பிறகு குடியானவன் வீட்டில் போய்ப் பிடுங்குவீர்கள், அவன் உங்களைவிட மொகலாயனே தேவலாம் என்பான் என்று திட்டுகிறார். எரிகிற விளக்குத் திரியை எலி இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிடும், ஜாக்கிரதை என்றும் எழுதியிருக்கிறார்.

எலி விதிகூட வேண்டாம் சாமி. வைக்கோல் மட்டும் போடுங்கள்.