துரைக்கு விருது, குறவர்க்கு விலங்கு!

தோழனே!

ராஜஸ்தானத்துப் பரத்பூரில், பறவைகள் வந்து தங்கும் நீர்நிலை ஒன்றின் கரையிலே கல்லொன்று நிற்கிறது. போரில் மாண்ட வீரனுக்கு நம் முன்னோர் நட்ட நடுகல் போன்றதல்ல அது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த மன்னனின் புகழ் பாடும் கல்லுமல்ல. எந்த நாளில், எந்தப் பிரபு, எத்தனை பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று கணக்கெழுதி வைத்த கல்! அந்தக் கணக்கிலே ஒரு வரி: 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டை, வீழ்ந்த பறவைகள் 4,273.

ஒரே நாளில் நாலாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று! பிரபு பசித்தா சுட்டார்? உலை கொதிக்கிறது, போடுவதற்கு ஒன்றுமில்லை என்று பிரபுவின் மனைவி கண்ணீர் வடித்தாரா? இல்லை. பொழுது போகவேண்டும், சுட்டார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்போர்ட்'. விளையாட்டு!

இனி அந்தக் கரையை விட்டு நம் கரைக்கு வா. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி. பருத்திப்பட்டு ஏரி, கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, தெற்கே கடல்போல் விரிந்த செம்பரம்பாக்கம் என்று ஏரியும் கழனியுமாகக் கிடந்த பூமி. அறுவடை முடிந்த தாளடியில் காடை மேயும். கரையோரப் புதரிலே கவுதாரி கூவும். அந்தக் காடைக்கும் கவுதாரிக்கும் வலை விரித்து, பிடித்ததைக் கடைவீதியில் விற்று, அரிசி வாங்கி அடுப்பு மூட்டிய மக்கள் நரிக்குறவர். வரப்பைத் தோண்டி எலி பிடித்து, வளைக்குள் எலி பதுக்கிய நெல்லையும் அள்ளி, ஓடையிலும் மதகடியிலும் மீனும் நண்டும் துழாவி உயிர் வளர்த்த மக்கள் இருளர். எடுத்தது அன்றைய உணவுக்கு. மறுநாளைக்கு என்று சேர்த்து வைக்க அவர்களிடம் பானையும் இல்லை, பரணும் இல்லை.

பிரபு கொன்றது 4,273, பெயர் விளையாட்டு. குறவர் பிடித்தது நான்கு, பெயர் குற்றம்! இந்த அகராதியை எழுதியது யார்?

வெள்ளையன் எழுதினான். எப்படி எழுதினான் என்பதற்கு நம் நீலகிரியே சாட்சி. 1879-இல் அங்கே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. யாருக்காகக் காப்பது? துரைமார் சுடுவதற்காக! துரைமார் தூண்டில் போடுவதற்காக! ட்ரவுட் என்னும் அயல்நாட்டு மீனைக் கடல் கடந்து கொண்டுவந்து மலையோடைகளில் விட்டார்கள். மலையிலே பிறந்தவனுக்கு ஓடை அந்நியமாயிற்று; கப்பலில் வந்த மீனுக்கு அது சொந்தமாயிற்று. புலியின் தலைமீது பூட்ஸ் காலை ஊன்றி நிற்கும் துரைமாரின் புகைப்படங்களை நீ பார்த்திருப்பாய். தடம் பார்த்துச் சொன்னவன், புதரைத் தட்டியவன், புலியின் எதிரே வெறுங்கையோடு போனவன் எல்லாம் அந்தப் படங்களின் ஓரத்திலே, பெயரில்லாமல், குந்தியிருப்பார்கள்.

துப்பாக்கியோடு நிற்கவில்லை அவர்களுடைய 'விஞ்ஞானம்'. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் மக்களின் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்திலே மனிதனின் தரம் தெரியும் என்று நம்பிய காலம் அது! இரண்டே ஆண்டுகள் கழித்து, 1911-இல், வடக்கே 1871 முதல் நடப்பிலிருந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பது உலக வழக்கு. பிறந்த குற்றத்துக்குத் தண்டனை என்பது அந்தச் சட்டத்தின் வழக்கு. குறவர் என்ற பெயர் தாங்கிய குழுக்கள் பல அதில் சிக்கின. தமிழ் பேசும் குறவர் வேறு, தம்மை வாக்ரி என்று அழைத்துக்கொள்ளும் நரிக்குறவர் வேறு. ஆனால் அந்த வேற்றுமையைப் பார்த்தறியும் பொறுமை, சந்தேகப்பட்டவனைச் சாவடிக்கு இழுக்கும் கைகளுக்கு ஏது?

வெள்ளையன் போனான். 1952 ஆகஸ்ட் 31-இல் குற்றப் பரம்பரைச் சட்டமும் போயிற்று. 1955 ஜனவரியில் இதே ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு கூடியது. நேருவின் முன்னிலையிலே 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். ஆவடியின் பெயர் அன்று உலக ஏடுகளிலெல்லாம் அச்சேறியது. அந்த ஆவடி வட்டாரத்து ஏரிக்கரையில் வலையைத் தோளில் போட்டு நடந்தவனுக்கு அந்தச் சமுதாயத்திலே எந்த இடம் என்று கேட்டவர் உண்டா?

கேட்டார்கள், பத்தாண்டு கழித்து. 1965-இல் லோகூர் குழு நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. தாள் டில்லிக்குப் போயிற்று. போன தாள் போனதுதான்! ஆனால் அந்த டில்லியே வேறொன்றை மட்டும் விரைந்து செய்தது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

"விலங்குகளைக் காக்கவேண்டாமா?" என்று நீ கேட்பாய். காக்கவேண்டும், அதிலே எனக்கு இரண்டாவது கருத்தில்லை. புலி அழிந்தது, மான் அருகியது, நாலாயிரம் பறவைகளை ஒரு நாளில் சுட்டவர்கள் நாட்டைச் சூறையாடிவிட்டுப் போனார்கள், சட்டம் வேண்டும்தான். நான் கேட்பது வேறு. சூறையாடியவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கணக்கைக் கட்டும்படி யாரை நிறுத்தினார்கள்? அந்தச் சட்டத்திலேயே தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அதை அடைத்தது. மனு எழுதி, கட்டணம் கட்டி, அதிகாரியைப் பார்த்து உரிமம் வாங்கக்கூடியவன் யார்? பங்களாக்காரனா, பாசிமணி கோப்பவனா? அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுப் பழங்குடியினரின் வேட்டை உரிமைக்குக் கேடில்லை என்று சொன்னது. ஆக, வேட்டையால் வாழ்பவன் ஒருவன் இருக்கிறான் என்பது டில்லிக்குத் தெரிந்தேயிருந்தது! நரிக்குறவருக்கோ, பழங்குடி என்று சொல்லிக்கொள்ளும் தகுதியைக்கூட அன்று தரவில்லை.

தொழிலைப் பறிக்க ஏழாண்டு போதுமாயிருந்தது. உரிமையைக் கொடுக்கவோ? 2022 டிசம்பரில்தான் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1965-இலிருந்து எண்ணிப்பார். ஐம்பத்தேழு ஆண்டுகள்! 1965-இல் பிறந்த குழந்தைக்கு அதற்குள் பேரப்பிள்ளைகள். வலையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆவடி ரயிலடியிலே ஊசிமணியும் பாசிமணியும் விரித்து, விரட்டினால் எழுந்து, விட்டால் உட்கார்ந்து, இரண்டு தலைமுறை தேய்ந்தது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டால், இருந்தது. இருளரைப் பார். பாம்புத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவது 1976-இல் தடை செய்யப்பட்டது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர் பட்டினி கிடந்தனர். 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகியவற்றைப் பிடிப்பது, நஞ்சை எடுப்பது, பாம்பை மீண்டும் காட்டில் விடுவது. அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து பிறக்கிறது. சட்டம் அப்படியே இருந்தது, பாம்பும் பிழைத்தது, பாம்பு பிடித்தவனும் பிழைத்தான்! 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்பிலே மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அழைத்துக்கொண்டார்கள். துரைக்குத் தடம் காட்டி, படத்தின் ஓரத்தில் பெயரின்றிக் குந்தியிருந்த இனத்தின் பிள்ளைகள், வெள்ளையர் நாட்டுக்கே பெயரோடு போனார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். எல்லா இருளருக்கும் விடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களிலும் இருளர் உண்டு. வழி ஒன்று உண்டு என்று காட்டத்தான் சொன்னேன். நரிக்குறவருக்கு அப்படியொரு வழியைத் தேடிய கை எது?

இன்னொன்று. இந்த வட்டாரத்துக் காடையும் கவுதாரியும் குறவர் வலையிலா மாய்ந்தன? அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா உருண்டது. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை தந்த ஆலைகளை நான் தூற்றமாட்டேன். ஆனால் கழனியெல்லாம் மனையாகி, கரையெல்லாம் வீடாகி, கொரட்டூர் ஏரியிலே கழிவுநீர் கலந்து, வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதே, அதைச் செய்தவன் கையில் வலை இருந்ததா? ஏரியைத் தின்றவனுக்குப் பட்டா. ஏரிக்கரையில் கொக்கு பிடித்தவனுக்குக் கைவிலங்கு!

இதுவரை டில்லியை ஏசினேன். நீ கைதட்டியிருப்பாய். இனித் தட்டமாட்டாய், நம்மைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துச் சாமிக்குப் படைத்த வேடன் கண்ணப்பனை நாயனாராக்கினார்கள். வேடர் மகள் வள்ளியை முருகனுக்குப் பக்கத்திலே நிறுத்தினார்கள். கல்லானால் கும்பிடு! உயிரோடு வந்தால்? 2021-இல் மாமல்லபுரத்துக் கோயிலிலே அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த நரிக்குறவப் பெண்ணை எழுப்பிவிட்ட செய்தி நாடெங்கும் நாறியது. "அது கோயில், அவர்கள் பக்தர்கள்" என்று நாம் நழுவலாமா? பகுத்தறிவு பேசும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நாடகம் போட அலைந்த நாளில், என் முதல் நாடகத்திலே ஒரு நரிக்குறவர் பாத்திரம் வைத்தேன். எதற்கு? சிரிப்புக்கு! கொச்சைத் தமிழ் பேசவைத்தேன், மேடை அதிரச் சிரித்தார்கள், நானும் மகிழ்ந்தேன். அவர்கள் தாய்மொழி வாக்ரிபோலி. தமிழ் அவர்கள் கற்றுக்கொண்ட மொழி. நம் மொழியைக் கற்றுப் பேசுபவனைப் பார்த்து நான் நகைத்திருக்கிறேன்! நம்மீது ஒரு மொழியைத் திணிக்காதே என்று முழங்கும் நாவுக்கு அடுக்குமா அது? அவர்கள் பேச்சு வடபுலத்து மொழிக் குடும்பம் என்று காரணம் காட்டித் தள்ளி நிறுத்துவோமானால், மூக்கை அளந்த தர்ஸ்டனுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?

2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்குப் போய், அவர்கள் வீட்டிலே உணவுண்டார். படத்தைப் பார்த்துப் பூரித்தோம். அதற்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் அந்தத் தெருவில் கால் வைத்தோம்? வாக்குச்சீட்டு கொடுக்கப் போனதைச் சேர்க்காதே!

சட்டம் வந்துவிட்டது. ஆனால் டில்லியில் நிறைவேறிய சட்டம் ஆவடிப் பிள்ளையின் கையிலே சான்றிதழாக இறங்கவேண்டும். பழங்குடிச் சான்றிதழ் வட்டாட்சியர் தருவதல்ல, கோட்டாட்சியர் தரவேண்டியது. விசாரணை என்பார்கள், பாட்டனின் ஆவணம் எங்கே என்பார்கள். வலையை மட்டுமே வைத்திருந்த பாட்டனுக்கு ஆவணம் ஏது? அந்த மேசைக்கு முன்னால் அந்தத் தாய் தனியாக நிற்கக்கூடாது. கிளைக் கழகத்துத் தோழர்கள் இருவர் இருவராகப் போங்கள். விண்ணப்பத்தை நிரப்புங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், தராவிட்டால் மறுநாளும் போங்கள். நானும் வருகிறேன். என் பையில் அந்தப் பழைய நாடகத்தின் கையெழுத்துப் படி இருக்கும். எந்தெந்த வரிகளை அடிக்கவேண்டும் என்று அவர்களிடமே கேட்கவேண்டியிருக்கிறது.