முதலில் சூடு, பிறகு மின்னேற்றம்

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில் டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது 7 மணி நேரம்கூட இல்லை. அந்தக் குளிரிலும் வண்டியையே வீடாக்கிக்கொண்டு மலைப்பகுதிகளைச் சுற்றுவோர் உண்டு. அவ்வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு பாட்டரி. விளக்கு, குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்பு முதலியவற்றுக்கு மற்றொன்று. பின்னதை ‘லெஷர் பாட்டரி’ என்பர். முன்பு அது காரீய-அமிலச் சேமக்கலம். இன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் அவ்விடத்தைப் பிடித்து வருகிறது. எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அதற்கொரு விபரீத குணம். மைனஸ் 20 டிகிரி வரை மின்சாரம் கொடுக்கும். 0 டிகிரிக்குக் கீழே வாங்கிக்கொள்ளாது.

காரணம் என்ன? மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகவேண்டும். குளிரில் அந்த நுழைவு மந்தமாகிவிடுகிறது. பின்னாலிருந்து உந்தப்படும் அயனிகள் உள்ளே போக வழியின்றி மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகின்றன. கொள்ளளவு குறைகிறது, படிவு முள்போல் வளர்ந்தால் உட்புறக் குறுக்குச்சுற்றும் நேரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ எதுவும் தெரியாது!

ஆகவே கலத்தைச் சூடேற்றிய பின்னரே மின்னேற்ற வேண்டும் என்கிறேன். ‘இருக்கிற மின்சாரத்தைச் சூடாக்கியே தீர்ப்பதா?’ என்று கேட்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போடட்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிக் கலத்தில் 1280 வாட்-மணி ஆற்றல் அடங்கும். எடை ஏறக்குறைய 12 கிலோ. அதை மைனஸ் 10 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு உயர்த்தச் சுமார் 50 வாட்-மணி போதும். கசியும் வெப்பத்துக்காக இரட்டிப்பாக்கினாலும் 8 சதவீதமே. 30 வாட் சூடேற்றும் பட்டையை இரவில் 14 மணி நேரம் எரியவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் இரவெல்லாம் சூடாக்கச் சொன்னது யார்? மின்னேற்றத்துக்கு முன்பு மட்டும் போதுமே.

உண்மையான அபாயம் காலை வெயிலில் இருக்கிறது. கூரைமேல் சூரியத் தகடு விழித்துக்கொள்கிறது. கீழே கலம் இன்னும் உறைகுளிரில். காரீயக் கலத்துக்கென அமைத்த சில மின்னேற்றிகள் குளிர் கூடக்கூட வோல்டேஜை உயர்த்தவும் செய்யும்! எனவே, குளிர் கண்டதும் மின்னேற்றத்தைத் துண்டிக்கும் காப்பு அமைப்பில்லாத கலம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. வெப்ப உணரியும் கலத்தின் உடம்பைத் தொட்டிருக்க வேண்டும். காற்று சூடாகிச் சில மணி நேரம் கழித்தே கலம் சூடாகும்.

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கலத்தை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல் உள்ளே, இருக்கைக்குக் கீழே வைத்தால், மனிதர் குளிர்காயும் சூட்டில் அதுவும் பங்கு பெறும்.