பறவையின் காலில் வளையம் ஹராமா?



"ஹஜ்ரத், பறவைக்கு வளையம் மாட்டுவது ஹராமாமே?" கூடுவாஞ்சேரியில் எங்கள் மத்ரஸா மாணவன் ஒருவன் கேட்டான். வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவு ஒன்று, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது பற்றிய அந்நிஸா 119ஆம் வசனத்தை ஆதாரம் காட்டியதாம்.

அவ்வசனம் பேசுவது ஷைத்தானின் தூண்டுதலால் கால்நடைகளின் காதுகளை அறுப்பதைப் பற்றி. அடையாளமிடுவதைப் பற்றி அன்று. ஸகாத் ஒட்டகங்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே குறியிட்டதைக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டபோதோ, சூடிட்டவனைச் சபித்தார்கள் என்கிறது முஸ்லிம். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டே: தேவை உண்டா? வதை உண்டா?

தேவை உண்டு. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இல் வளையமிடும் பணியைத் தொடங்கியது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்பதை அறிய, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் சாலிம் அலீ அதனை விரிவுபடுத்தினார். நம் கோடியக்கரையிலும் இப்பணி பல்லாண்டுகள் நடந்துள்ளது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து கர்நாடக ஏரிகளில் காணப்பட்டன. குறி இல்லையேல், அதே பறவைதான் என்று யார் சொல்வார்?

வதை? மெல்லிய வலையில் பிடித்து, எடை பார்த்து, எண் பொறித்த இலேசான அலுமினிய வளையத்தை மாட்டி விட்டுவிடுகிறார்கள். சூடு இல்லை, இரத்தம் இல்லை. ஆனால் வலையில் நெடுநேரம் கிடந்தால் பறவை மடியும். பொருந்தாத வளையம் காலைப் புண்ணாக்கும். எனவேதான் பயிற்சியும் அரசின் அனுமதியும் உடையோர் மட்டுமே இதனைச் செய்யவேண்டும்.

வளையத்தை ஹராம் என்போரே, உங்கள் வீட்டுக் கூண்டைப் பாருங்கள்! இறகு வெட்டப்பட்ட பச்சைக்கிளி. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கென வாங்கிய, சாயம் பூசப்பட்ட சில்லைக் குருவி. இவை வதை இல்லையா? அபூ உமைர் (ரலி) குருவி வைத்திருந்தாரே என்பீர்கள். அன்போடு வளர்த்தல் வேறு, இறகை வெட்டுதல் வேறு. காட்டுக்கிளியை அடைத்து வைப்பது நாட்டின் சட்டப்படியும் குற்றம். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் அல்லவா நாம்?

நந்திவரம் ஏரியிலோ வேடந்தாங்கலிலோ வளையமிட்ட பறவையைக் கண்டால் துரத்தாதீர்கள். இறந்து கிடந்தால் எண்ணையும் இடத்தையும் தேதியையும் குறித்து அக்கழகத்துக்கு எழுதுங்கள். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்அன்ஆம் 38ஆம் வசனம். அறியாமல் ஹராம் என்று தீர்ப்பளிப்பதிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.