அடுத்த மேஜைக்கு எட்டாத சர்வர்

கல்லூரிகளில் புராஜெக்ட் நாளன்று அடிக்கடி அரங்கேறும் நாடகம் இது. மாணவர் இரவெல்லாம் கண்விழித்து ஒரு வெப் சர்வரை நிறுவியிருப்பார். அவருடைய கம்ப்யூட்டரில் பக்கம் அழகாகத் திறக்கும். தேர்வாளர் அடுத்த மேஜையிலிருந்து முயன்றால் திறக்காது. பதற்றத்தில் பலரும் சர்வரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அது வீண் வேலை. சொந்த எந்திரத்தில் திறக்கிறது என்றாலே சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கோளாறு, அதை மற்றவர்கள் அடையும் வழியில்.

எங்கே என்பதைத் திரையே சொல்லிவிடும். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று சட்டென்று பதில் வந்தால், அழைப்பு அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. வெகுநேரம் சுற்றிவிட்டு 'நேரம் கடந்தது' என்று வந்தால், பெரும்பாலும் ஃபயர்வால் அழைப்பை விழுங்கிவிட்டது.

மறுப்புக்கு வழக்கமான காரணம் 127.0.0.1. ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி இது. சர்வர் இதில் மட்டும் காதுகொடுத்தால் வெளிக் குரல் எட்டாது. ஜாங்கோ, ஃபிளாஸ்க் ஆகியவற்றின் பயிற்சி சர்வர்கள் இயல்பாகவே இப்படித்தான். விண்டோஸில் 'நெட்ஸ்டாட்', லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளை கொடுத்தால், சர்வர் எந்த முகவரியில் கேட்கிறது என்பது தெரியும். அங்கே நெட்வொர்க் முகவரியைக் கொடுத்து மறுபடி இயக்கினால் மறுப்பு நீங்கும். தேர்வாளர் தன் கம்ப்யூட்டரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டிவிட்டுக் காத்திருப்பதும் உண்டு. அது அவருடைய எந்திரத்தையே தேடும்.

ஃபயர்வாலுக்கு ஒரு பின்னணி உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற நச்சு நிரல் உலகெங்கும் விண்டோஸ் எந்திரங்களை ஆட்டிவைத்தது. மறு ஆண்டு வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸில் ஃபயர்வால் தானாகவே காவலுக்கு நிற்கிறது. எரிச்சலில் அதை மொத்தமாக அணைப்பது ஆபத்து. சர்வரின் போர்ட்டுக்கு மட்டும், உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும்.

அகலத் திறந்தால் என்ன ஆகும் என்பதை மாங்கோ டிபி பயனாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை 2017 ஜனவரியில் திருடர்கள் துடைத்தெடுத்து, பிட்காயின் கேட்டுச் செய்தி விட்டுச் சென்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பு முதல், வேறு உத்தரவு இல்லாவிட்டால் தன் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே பேசும்படி மாங்கோ டிபி மாற்றப்பட்டது.

மாணவரைத் திணறடிக்கும் மறுப்பும் இதே வகைக் காவல்தான். தேர்வாளருக்காகக் கதவைத் திறப்பவர், அவர் மதிப்பெண் போட்டுவிட்டுப் போனதும் சாத்தவும் மறக்கக் கூடாது.