மாதிரிப் புகையிரதமும் எமது வரலாறும்

கண்டி வீதியில் மலையேறுவோர் கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர். அவ்வூரிலேயே புகையிரத நூதனசாலையொன்று உண்டென்பதை அறியாது கடப்பவர் பலர். இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. அதன் 150ஆம் ஆண்டு நிறைவு நாளில், 2014இல், இந்நூதனசாலை திறக்கப்பட்டது.

பழைய எஞ்சின்களைக் காண்பது இன்பமே. ஆயினும் ஓடாது நிற்கும் எஞ்சின், தன் வரலாற்றின் பாதியைத்தான் சொல்லும். மலைநாட்டுக் காப்பி மூடைகளைத் துறைமுகத்துக்கு இறக்கவே இப்பாதை அமைந்தது. அம்மூடைகளைச் சுமந்த தோள்களையும், மலையைக் குடைந்த கைகளையும், மேடையிற் காத்திருந்த முகங்களையும் தனித்து நிற்கும் இரும்பு எங்ஙனம் காட்டும்?

இங்கேதான் மாதிரிப் புகையிரதத்தின் பெருமை விளங்குகின்றது. அதனைச் சிறுவர் விளையாட்டென்று தள்ளுதல் தவறு. இங்கிலாந்தில் லோங் விற்றன்ஹாம் என்னுஞ் சிற்றூரிலே பென்டன் நூதனசாலை உளது. அவுஸ்திரேலியாவிலிருந்து 1925இல் அங்கு சென்ற றோய் இங்கிலண்ட் என்பவர், நாட்டுப்புறத்தின் பழைய வீடுகள் மறைந்துவருவதைக் கண்டு வருந்தினார். அவற்றை அளந்து, அடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்ற அளவிலே சிறு வடிவங்களாக்கத் தொடங்கினார். இன்று அங்கு சின்னஞ்சிறு வண்டிகள் ஓடுகின்றன. அவற்றோடு 1920, 1930ஆம் ஆண்டுகளின் கிராம வாழ்வும் கண்முன் நிற்கின்றது.

எமது வடபகுதிப் பாதைக்கு அத்தகைய மாதிரியொன்று வேண்டாமா? 1905இல் முழுமைபெற்ற பாதை அது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, தலைநகரில் தொழில் பார்த்தோருக்கும் ஊரிலிருந்த குடும்பங்களுக்கும் உறவுப் பாலமாயிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014இல் வண்டி யாழ்ப்பாணத்துக்கு மீளும்வரை, 'கோச்சி' என்ற சொல்லைப் பாட்டன் வாயிற் கேட்டதன்றி வண்டியைக் காணாத ஒரு தலைமுறையே வளர்ந்தது.

மெய்யான வண்டியே ஓடும்போது பொம்மை எதற்கு என்று சிலர் வினவலாம். ஓடும் வண்டி இன்றைய பிரயாணிகளை ஏற்றிச் செல்லும், நேற்றை ஏற்றிவராது. 1956இல் பாடசாலைச் சிறுவராயிருந்தோர் இன்று எண்பது வயதை அண்மியோரும் கடந்தோருமாவர். மேடையின் நீளம், வேலியோர மரம், சந்தைக்குப் போன கடகம் என யாவும் அவர்கள் நினைவிலேயே உள்ளன.

ஆசிரியர்கள் மனம்வைத்தால் இது பெருஞ்செலவின்றி நிறைவேறக்கூடியதே. ஒவ்வொரு பாடசாலையும் அயலிலுள்ள ஒரு நிலையத்தை ஏற்கட்டும். மாணவர் முதியோரைக் கேட்டு எழுதட்டும், அளந்து வரையட்டும், மரத்தாலும் அட்டையாலும் அமைக்கட்டும். ஆனால் ஒன்று: அழகிய காலத்தை மட்டும் காட்டுதல் போதாது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டுப் புதர்மண்டிய வெறும் அணையும் அம்மாதிரியில் இடம்பெற வேண்டும். வண்டி ஓடாத இருபத்துநான்கு ஆண்டுகளை மறைக்கும் மாதிரி விளையாட்டுப் பொருளாகும். அவற்றையுங் காட்டுவதே வரலாறாகும்.